கேள்வி ஏழு

தீவுக்கு இன்னும் பெயரில்லை.
என் கணினியில் அது 'பி-2, திருத்தம் பதினொன்று'.
போன செவ்வாய்க்கிழமை அதைத்
தெற்கே நாற்பது மீட்டர் தள்ளிவைத்தேன்.
சுட்டியை ஒருமுறை இழுத்ததுதான்.
கடலில் யாரும் கத்தவில்லை.

பாயான் லெப்பாசில் ஐந்தாம் மாடி.
கண்ணாடிக்கு அப்பால் விமானங்கள் தாழ்ந்து வரும்.
பினாங்குக்குப் பக்கத்தில் இன்னொரு பினாங்கு;
கையெழுத்து கோலாலம்பூரில்,
மணல் எங்கிருந்தோ,
கரைக்கோடு மட்டும் என்னிடம்.

சனிக்கிழமை தெலுக் கும்பாரில் கருத்துக்கேட்பு.
தமிழ் தெரிந்த ஆள் என்று
என்னையும் வேனில் ஏற்றினார்கள்.
படிவத்தின் தமிழ்ப்பக்கம் நான் எழுதியது.

மண்டபத்தில் ஆறிப்போன மீகூன், கரிபாப்.
மேசைமேல் மாதிரித் தீவு:
பஞ்சு மரங்கள்,
நகக்கண் அளவு மனிதர்கள்,
எல்லாரும் எங்கோ நடந்துகொண்டிருந்தார்கள்.
ஒருவர் கையிலும் வலை இல்லை.

கேள்வி ஏழு.
புதிய தீவில் உங்களுக்கு எது வேண்டும்?
அ. நடைபாதை
ஆ. சைக்கிள் பாதை
இ. இரண்டும்

ஜைலானி மூக்குக்கண்ணாடியை விட்டுவிட்டு வந்திருந்தார்.
மலாய்ப் பக்கத்தை வாசித்துக் காட்டினேன்.
மறுபடி என்றார். மறுபடி வாசித்தேன்.
'நண்டு எங்கே போகும் என்பது
எத்தனையாவது கேள்வி?'

பெலாச்சான் விற்கும் கியோக் லான்
எல்லாவற்றிலும் 'இரண்டும்' என்று வட்டமிட்டு
ஓரத்தில் மகனின் கைப்பேசி எண்ணை எழுதினாள்:
கிரேன் ஓட்ட லைசென்ஸ் இருக்கிறது,
கட்டும்போது கூப்பிடச் சொல்லுங்கள்.

லூர்துநாயகி வந்தபோது மணி பன்னிரண்டு.
படகு எஞ்சின் பழுதுபார்ப்பவள்;
விரலிடுக்கில் கறுப்பு மசகு.
பசியாறினீங்களா என்றேன்.
பதில் சொல்லாமல்
கேள்வி ஏழின் அடியில்
எழுத்தைப் பழக்கும் பிள்ளைபோல் அழுத்தி
'ஈ' என்று எழுதினாள்.
ஒரு புள்ளி வைத்தாள்.
பேனாவைத் திருப்பிக் கொடுத்தாள்.

'பக்கத்தில ஒண்ணும் எழுதலையே?'
'என்ன எழுதணும்னு இன்னும் தெரியல.
நாங்க உக்காந்து பேசணும்.
அதுவரைக்கும் அந்த இடம் இருக்கட்டும்.'

வேனில் திரும்புகையில்தான் உறைத்தது.
'எது வேண்டும்' என்று எழுதியிருந்தேன்.
'வேண்டுமா' என்று எழுதியிருக்கலாம்.
ஒரே ஒரு நெடில்.
எழுதாதே என்று யாரும் சொல்லவில்லை.
எழுது என்றும் சொல்லவில்லை.

திங்களன்று அறுபத்திரண்டு படிவங்களைப் பதிந்தேன்.
அறுபத்தொன்று உள்ளே போயின.
லூர்துநாயகியின் தாளுக்கு மட்டும்
திரை சிவந்தது: அப்படி ஒரு விடை இல்லை.
ஈ என்றால் பூச்சி.
ஈ என்றால் கொடு.
திரைக்கு இரண்டும் தெரியாது.
'பதிலளிக்கவில்லை என்று போடுங்களேன்,'
என்றார் மேலாளர், நல்ல மனிதர்,
பிள்ளையைக் கூப்பிடப் போகும் அவசரம்.

போட்டேன்.

சுங்கை ஆராவில் என் வாடகை ஆயிரத்து நூறு வெள்ளி.
தம்பிக்கு சிப் தொழிற்சாலையில் இரவு வேலை;
அவன் எழும்பும் கட்டிலில் நான் படுக்கிறேன்.
பி-2 இல் வாங்கத்தக்க வீடுகள்
எட்டாயிரம் என்கிறது அறிக்கை.
அந்த வரியை நானும்
இரண்டு முறை படித்தேன், பொய் சொல்வானேன்.

இன்று எல்லாரும் போனபிறகு
வரைபடத்தைத் திறந்தேன்.
அதில் கடல் ஓர் அடுக்கு.
அணைத்தால் மறைந்துவிடும்;
வெள்ளைத்தாளில் தீவு
யாருக்கும் கடன்படாததுபோல் மிதக்கும்.
வாடிக்கையாளருக்கு அப்படித்தான் அனுப்புவோம்.

அடுக்கைப் போட்டேன்.
தீவின் வயிற்றுக்குள்ளிருந்து
ஆழ அளவுகள் ஏறி வந்தன:
நான்கு புள்ளி இரண்டு,
மூன்று புள்ளி எட்டு,
மறுபடியும் நான்கு.
கூப்பிடாத கூட்டத்துக்கு
வந்து நிற்கிறவர்கள் மாதிரி.

சேமிக்கவா என்று கேட்டது கணினி.
ஆம், இல்லை என்று
இரண்டு பொத்தான்கள்.